‘டர்ன் அப்’ என்றால் வந்து நிற்பது

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. ஊரில் ஒன்பது ஆண்டு பள்ளியில் ஆங்கிலம் எடுத்தேன். கணவரின் வேலைக்காக இப்போது லாட்வியாவில், ரிகா நகரத்தில் இருக்கிறோம். மேல்வீட்டில் இருக்கும் லாட்வியப் பெண் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். செப்டம்பரில் அயர்லாந்து போய், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேரப் போகிறார். அவருடைய ஆங்கில இலக்கணம் மோசமில்லை. ஆனால் ஃப்ரேசல் வெர்ப் (‘புட் ஆஃப்’ போல, வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவது) வந்தால் தடுமாறிவிடுகிறார். இருநூறு ஃப்ரேசல் வெர்ப், ஐம்பது மரபுத்தொடர் கொண்ட பட்டியலை எழுதிக்கொடுத்தேன். மனப்பாடம் செய்தார், மறுவாரம் எல்லாம் கலந்துவிட்டது. ‘டர்ன் ஆஃப் இட்’ என்கிறார். புரியாவிட்டால் திரும்பக் கேட்கவும் கூச்சப்படுகிறார். எனக்கு லாட்விய மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். ஆங்கிலம் எனக்கும் தாய்மொழி இல்லை. நான் சொல்லிக்கொடுப்பது சரியா? எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பட்டியலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அவருக்கு ஞாபகசக்தி குறைவு என்று நினைக்க வேண்டாம். கிவ் அப், கிவ் இன், கிவ் அவுட், கிவ் அவே என்று வரிசையாக எழுதினால் யாருக்கும் கலந்துதான் போகும். உங்களுக்கும் எனக்கும் அவை கலக்காததற்குக் காரணம், நாம் அவற்றைப் பட்டியலிலிருந்து கற்கவில்லை. ஒவ்வொன்றையும் ஏதோ ஓர் இடத்தில், யாரோ சொல்லக் கேட்டுப் பிடித்துக்கொண்டோம்.

நான் பல ஆண்டு அயர்லாந்தில், வேலைக்கு வந்தவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தவள். 2004 மே மாதம் லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்தப் புதிய நாட்டவர்களுக்கு வேலைக் கதவை உடனே திறந்துவிட்டவை அயர்லாந்து, பிரிட்டன், சுவீடன் ஆகிய மூன்று நாடுகள். காளான் பண்ணை, ஹோட்டல், முதியோர் இல்லம் என்று லாட்வியர்கள் நிறைய பேர் அயர்லாந்துக்கு வந்தார்கள். என் வகுப்பில் இருந்த, காளான் பண்ணையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் இரவு மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது: ‘டெலிவரி புட் ஆஃப் டில் தர்ஸ்டே. டோன்ட் டர்ன் அப் டுமாரோ.’ ஹீட்டரைக் கூட்டி வைப்பதற்கு ‘டர்ன் அப்’ என்று அவர் படித்திருந்தார். நாளைக்கு ஹீட்டரைக் கூட்ட வேண்டாம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். குளிரில் முக்கால் மணி நேரம். ‘டர்ன் அப்’ என்றால் வந்து நிற்பது என்பதை அதற்கப்புறம் அவர் மறக்கவே இல்லை. ஆனால் உங்கள் தோழி இப்படிக் குளிரில் நின்றுதான் கற்க வேண்டும் என்பதில்லை.

அந்த வகுப்புகளில் நான் மெதுவாகக் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு. லாட்வியருக்கு ஃப்ரேசல் வெர்ப் புதிய சரக்கே இல்லை. அவர்கள் மொழியில் அது வினைச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். பதினொரு முன்னொட்டுகள் இருக்கின்றன. வைப்பதற்கு அவர்கள் சொல் ‘லிக்ட்’. ‘நுவோலிக்ட்’ என்றால் கீழே வைப்பது, அதாவது புட் டவுன். ‘ஸலிக்ட்’ என்றால் சேர்த்து அடுக்குவது, புட் டுகெதர். ‘அட்லிக்ட்’ என்றால் தள்ளிப்போடுவது, புட் ஆஃப். நம் ‘தள்ளிப்போடு’ என்பதிலும் ஒரு ‘போடு’ இருக்கிறது பாருங்கள். ஒரு காரியத்தைக் கையால் நகர்த்தி அப்பால் வைப்பது போன்ற அதே படம் மூன்று மொழியிலும் இருக்கிறது. அந்தக் காளான் பண்ணைப் பெண்ணிடம் ‘புட் ஆஃப் என்றால் அட்லிக்ட்’ என்று யாராவது ஒரு முறை சொல்லியிருந்தால் பாதிச் செய்தி அப்போதே புரிந்திருக்கும்.

பார்ப்பதற்கு அவர்கள் சொல் ‘ஸ்கட்டீட்டியெஸ்’. அதிலிருந்து பிறந்த குடும்பத்தைக் கவனியுங்கள். ‘பியெஸ்கட்டீட்’ என்றால் குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்வது, லுக் ஆஃப்டர். ‘பார்ஸ்கட்டீட்’ என்றால் ஒரு கணக்கையோ அறிக்கையையோ ஒரு முறை பார்த்துச் சரிபார்ப்பது, லுக் ஓவர். (அந்த ‘பார்’ நம் ‘பார்’ இல்லை, ‘குறுக்கே, மேலாக’ என்று பொருள். ஆனால் நீங்கள் மறக்காமல் இருக்க உதவும்.) ‘உஸ்கட்டீட்’ என்றால் ஒருவரை இன்னாராகக் கருதுவது. ஆங்கிலத்தில் ‘ஐ லுக் ஆன் ஹிம் அஸ் எ பிரதர்’ என்பார்களே, அது. அந்த ‘உஸ்’ தனியாக வந்தால் ‘மேல்’ என்றுதான் பொருள், ஆங்கில ‘ஆன்’ போலவே. கொடுப்பதற்கான ‘டுவோட்’ என்ற சொல்லிலிருந்து வரும் ‘பியெடுவோட்’ என்றால் மன்னிப்பது. ஆங்கில ‘ஃபர்கிவ்’ என்பதற்குள்ளும் ஒரு ‘கிவ்’ உட்கார்ந்திருக்கிறது. காட்டிக்கொடுப்பதற்கு அவர்கள் சொல் ‘நுவோடுவோட்’. நாமும் அங்கே ‘கொடு’ என்றுதானே சொல்கிறோம்?

வினைக்குப் பின்னால் தனிச்சொல் வருவதும் அவர்களுக்குப் பழக்கம்தான். பேச்சில் கதவைத் திறப்பது ‘டைஸீட் வல்யா’, மூடுவது ‘டைஸீட் ட்சியெட்’. ‘டைஸீட்’ என்றால் செய்வது. அதற்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்தான் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்கிறது. வெளியே போவது ‘இயெட் ஆரா’, உள்ளே போவது ‘இயெட் இயெக்ஷா’. இது அப்படியே ஆங்கில ‘கோ அவுட்’, ‘கோ இன்’ அமைப்பு. நூற்றாண்டுக் கணக்கில் ஜெர்மன்காரர்களோடும், கடலோரத்து லிவோனிய மக்களோடும் கலந்து வாழ்ந்ததில் இந்தப் பழக்கம் வலுப்பட்டது என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள். அந்த லிவோனிய மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசியானவராக அறியப்பட்ட கிரிசெல்டா கிறிஸ்டினா 2013-இல் கனடாவில் காலமானார். மொழி கிட்டத்தட்டப் போய்விட்டது, அது விட்டுச்சென்ற பழக்கம் உங்கள் மேல்வீட்டில் இன்னும் இருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

ஆகவே பாடத்தை இப்படித் திருப்பிப் போடுங்கள். நீங்கள் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து அர்த்தம் கேட்காதீர்கள். ஒரு செயலைச் செய்து காட்டி, ‘இதை லாட்விய மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வார். அதில் முன்னொட்டு எது, அது என்ன வேலை செய்கிறது என்று அவரே உங்களுக்கு விளக்கட்டும். அப்புறம் நீங்கள் ஆங்கிலத்தைக் கொடுங்கள். உங்களுக்கு லாட்வியம் தெரியாதது இங்கே குறையே இல்லை. விளக்குகிறவருக்குத்தான் மனதில் தங்கும். சந்தேகம் வந்தால் இணையத்தில் ‘டேஸௌர்ஸ்’ என்ற லாட்விய அகராதி இருக்கிறது, அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் மிகவும் பயன்படுவது ‘அப்’. பட்டியல் புத்தகங்கள் ‘அப்’ என்றால் மேலே என்று ஆரம்பித்துக் குழப்பிவிடும். ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப் எல்லாவற்றிலும் மேலே போவது எது? ஒன்றும் இல்லை. செயல் முழுதாக முடிகிறது, அதுதான் அந்த ‘அப்’. லாட்வியத்தில் ‘ஏஸ்ட்’ என்றால் சாப்பிடுவது, ‘அப்பேஸ்ட்’ என்றால் மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடிப்பது. ‘ட்ஸெர்ட்’ என்றால் குடிப்பது, ‘இஸ்ட்ஸெர்ட்’ என்றால் குடித்து முடிப்பது. நமக்கு ‘விடு’ இருக்கிறது: சாப்பிடு, சாப்பிட்டுவிடு, குடி, குடித்துவிடு. காலையில் பாட்டி ஒருவருக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து ‘டிரிங்க் அப்’ என்று சொல்லும்போது, உங்கள் தோழியின் மனதில் ‘இஸ்ட்ஸெர்ட்’ ஓட வேண்டும். உங்கள் மனதில் ‘குடிச்சிடுங்க’ ஓடுகிறதே, அது போல.

இனி, இந்த வழியில் இருக்கும் பள்ளங்கள். முன்னொட்டுக்கு முன்னொட்டு, சொல்லுக்குச் சொல் மாற்றினால் எப்போதும் சரியாக வராது. விளக்கைப் போடுவதற்கு லாட்வியத்தில் ‘இயெஸ்லேக்ட்’, அணைப்பதற்கு ‘இஸ்லேக்ட்’. ‘இயெ’ என்றால் உள்ளே, ‘இஸ்’ என்றால் வெளியே. அதனால் ‘டர்ன் இன் த லைட்’, ‘டர்ன் அவுட் த லைட்’ என்று சொல்லத் தோன்றும். இரண்டாவது தற்செயலாகச் சரி. முதலாவது தவறு, ‘டர்ன் இன்’ என்றால் தூங்கப் போவது. புகைப்பதை விடுவதற்கு அவர்கள் ‘அட்மெஸ்ட்’ என்பார்கள், ‘வீசிவிடுவது’ என்ற படம். ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’, கொடுத்துவிடும் படம். நாம் ‘கைவிடுவது’ என்கிறோம். இங்கே படம் மாறுகிறது என்று அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். ஆவலோடு எதிர்பார்க்கும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்கும் நேர்ச் சொல் கிடையாது. அவர்கள் ‘பொறுமையில்லாமல் காத்திருக்கிறேன்’ என்பார்கள். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் படிக்கிறவருக்கு இவர் அவசரப்படுத்துகிறார் என்று தோன்றும்.

‘டர்ன் ஆஃப் இட்’ தவறுக்கு வருவோம். அது ஏன் வருகிறது என்றால், லாட்வியத்தில் முன்னொட்டும் வினையும் ஒரே சொல். நடுவில் எதையும் நுழைக்க முடியாது. ‘டர்ன் ஆஃப்’ என்பதையும் அவர் ஒரே சொல்லாக மனதில் வைத்திருக்கிறார். வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் ஆங்கிலம் அந்தச் சொல்லைப் பிளந்து ‘இட்’டை நடுவில் உட்கார வைக்கிறது: டர்ன் இட் ஆஃப். விதியாகச் சொல்லிப் பயனில்லை, கையால் செய்ய வையுங்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். டர்ன் இட் ஆன், டர்ன் இட் ஆஃப். ஒரு டம்ளரை எடுத்து, பிக் இட் அப், புட் இட் டவுன். ஸ்வெட்டரைப் போட்டு, புட் இட் ஆன், டேக் இட் ஆஃப். தினம் ஐந்து நிமிடம், பத்து நாள். நாக்கு தானாகப் பழகிவிடும். அதற்கப்புறம் பிளக்க முடியாதவற்றைச் சொல்லுங்கள்: லுக் ஆஃப்டர் ஹர், லுக் ஃபார் இட், புட் அப் வித் இட் (பொறுத்துக்கொள்வது). இவற்றை முதல் வாரத்திலேயே சேர்த்துச் சொன்னால் இரண்டும் கெட்டுவிடும்.

உச்சரிப்பையும் சேர்த்துத் திருத்துங்கள், இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. லாட்வியத்தில் அநேகமாக எல்லாச் சொல்லிலும் முதல் அசைதான் அழுத்தம் பெறும். நன்றி சொல்லும் ‘பல்டியெஸ்’ போன்ற சில சொற்கள்தான் விலக்கு. ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்பில் பெரும்பாலும் பின்னால் வரும் குட்டிச் சொல்லின் மேல்தான் அழுத்தம் விழும். ‘புட் இட் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ ஓங்கி ஒலிக்க வேண்டும். உங்கள் தோழி ‘புட்’டை ஓங்கிச் சொல்லி ‘ஆஃப்’பை விழுங்கிவிட்டால், எதிரில் இருப்பவருக்கு வெறும் ‘புட் இட்’ கேட்கும். வேலை மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பதை வினையாகச் சொன்னால் ‘ஹேண்ட் ஓவர்’, ஓவரில் அழுத்தம். அதே சொல் பெயராக ‘ஹேண்ட்ஓவர்’ என்று வரும்போது ஹேண்டில் அழுத்தம், அது அவருக்குத் தானாகவே சரியாக வரும். குட்டிச் சொல் வரும்போது மேசையில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். என் வகுப்பில் அறுபது வயதுக்காரர்களும் தட்டித்தான் கற்றார்கள்.

எந்தச் சொற்களை எடுப்பது? அவருக்கு முதியோர் இல்லம், அதனால் அந்த வீட்டின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வேக் அப், சிட் அப், கெட் அப், லை டவுன், நாட் ஆஃப் (கண்ணயர்வது), ரன் அவுட் ஆஃப் (ஒரு பொருள் தீர்ந்துபோவது). மற்றதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் சில சொற்கள் புரியாவிட்டால் ஆபத்து, அவற்றுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். ‘ஷி த்ரூ அப்’ என்று இரவு நர்ஸ் சொன்னால், பாட்டி எதையோ மேலே எறிந்தார் என்று லாட்வியர் நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வாந்தி எடுத்தார் என்று பொருள், அவர்கள் சொல் ‘வெம்ட்’. ‘பாஸ்ட் அவுட்’ என்றால் மயங்கி விழுந்தார். ‘பாஸ்ட் அவே’ என்றால் காலமானார். ஒரே ஒரு குட்டிச் சொல்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றுக்கு ஓட வேண்டும், மற்றொன்றுக்கு நின்று தலைகுனிய வேண்டும். ‘அவே’யை ஞாபகம் வைக்க வழி அவர் மொழியிலேயே இருக்கிறது: இறந்தவரைப் பற்றி மரியாதையாகச் சொல்லும்போது ‘நித்தியத்துக்குள் போய்விட்டார்’ என்பார்கள், அந்தப் ‘போய்விட்டார்’ என்ற சொல்லின் முன்னொட்டு ‘ஐஸ்’, அப்பால் என்று பொருள். ‘கேம் ரவுண்ட்’ என்றால் நினைவு திரும்பியது. இந்த நான்கையும் அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

மரபுத்தொடர்களுக்கு வேறு கணக்கு. ஐம்பதில் நாற்பதை விட்டுவிடலாம். கேட்டால் புரிந்தால் போதும், அவர் பேச்சில் பயன்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. செத்துப்போவதைக் கேலியாகச் சொல்லும் ‘கிக் த பக்கெட்’ போன்றதை முதியோர் இல்லத்தில் தப்பித்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. நம் பாடப்புத்தகத்து ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ அயர்லாந்தில் எனக்கு அபூர்வமாகத்தான் காதில் விழுந்தது. அங்கே ‘லாஷிங்’ என்பார்கள். லாட்வியர்கள் வாளியால் ஊற்றுகிறது என்பார்கள், நாம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்போம்.

கவனமாக இருக்க வேண்டியது ஒரே படம் வந்து வேறு பொருள் தருபவற்றில்தான். சரக்கைப் பார்க்காமல் வாங்குவதை லாட்வியர்கள் ‘சாக்குக்குள் பூனையை வாங்குவது’ என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பன்றிதான், ‘எ பிக் இன் எ போக்’. ஆங்கிலத்தில் பையும் பூனையும் சேர்ந்து வந்தால் அது இரகசியத்தைப் போட்டு உடைப்பது. உங்கள் தோழி ‘கேட் அவுட் ஆஃப் த பேக்’ என்று கேட்டால் ஏதோ ஏமாற்று வியாபாரம் நடந்துவிட்டது என்று நினைப்பார். இதை ஒரு முறை சிரித்துப் பேசினாலே போதும்.

நீங்களும் அவருடைய மரபுத்தொடர்களைக் கேட்டு வாங்குங்கள். பொய் அளப்பதை ‘பூஸ்ட் பீலீட்டெஸ்’ என்பார்கள், ‘வாத்துக்குஞ்சு ஊதுவது’. நம் சென்னைக்காரர்களின் ‘பீலா விடுவது’ உடனே ஞாபகம் வரும், இரண்டுக்கும் உறவு கிடையாது. தொந்தரவு செய்கிறவரை விரட்ட ‘எய் பெகுவோட்’, ‘போய்க் காளான் பறி’. இலையுதிர் காலத்தில் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குக் காளான் பறிக்கப் போகும் ஊரில் அந்தத் தொடர் எப்படிப் பிறந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இப்படி இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கினால், அவருக்கு மாணவி என்ற கூச்சம் குறையும்.

அயர்லாந்து ஆங்கிலத்துக்கென்று சில உண்டு, உங்கள் பட்டியலில் அவை இருக்காது. ‘ஷி வாஸ் கிவிங் அவுட் டு மீ’ என்றால் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஐரிஷ் மொழித் தொடர் ஒன்றை அப்படியே பெயர்த்ததில் வந்தது. கொடுப்பதற்கான ‘டுவோட்’டில் வெளியே என்னும் ‘இஸ்’ சேர்த்துப் பார்த்தால் உங்கள் தோழிக்கு நூல் வெளியிடுவதோ பணம் செலவழிப்பதோதான் ஞாபகம் வரும். ‘புட் இட் இன் த பிரஸ்’ என்றால் அலமாரியில் வை. முதல் நாளே இது காதில் விழும். அயர்லாந்தின் பொது வானொலியான ஆர்டிஇ ரேடியோ ஒன் இணையத்தில் கிடைக்கிறது. நேயர்கள் போன் செய்து பேசும் நிகழ்ச்சிகளைத் தினம் கால் மணி நேரம் சேர்ந்து கேளுங்கள். நீங்களும் கற்பீர்கள்.

நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான். டப்ளினில் பிறந்தவருக்கு ‘டர்ன் இட் ஆஃப்’ ஏன் கடினம் என்பதே தெரியாது. நீங்கள் அதைக் கடந்து வந்தவர். தவிர, பார்த்துக்கொள், விட்டுக்கொடு, தள்ளிப்போடு என்று வினையோடு வினையைக் கோத்துப் பொருளை மாற்றும் மொழி உங்களுடையது. ஒரு குட்டிச் சொல் வினையை எப்படித் திருப்பும் என்பது உங்களுக்குப் பழகிய விஷயம். அப்புறம் ஒன்று: அவர் கடிதத்தில் ‘போஸ்ட்போன்’, ‘கேன்சல்’, ‘டாலரேட்’ என்று எழுதினால் திருத்தாதீர்கள். அது நல்ல ஆங்கிலம்தான். ஃப்ரேசல் வெர்ப் காதுக்கு முதலில் வரட்டும், வாய்க்கு அப்புறம்.

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரம், தினமும் பணி ஒப்படைப்பு நடித்துப் பாருங்கள். நீங்கள் இரவு நர்ஸ், அவர் காலையில் வருகிறவர். ‘ரூம் நாலில் இருக்கும் அம்மா இரவு த்ரூ அப், காலையில் நாட் ஆஃப் ஆகிவிட்டார், டாக்டர் வருகை புட் ஆஃப்’ என்று வேகமாக, முழு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரியாத ஒன்றை வேண்டுமென்றே நடுவில் நுழையுங்கள். அந்த இடத்தில் அவர் தலையாட்டிவிட்டுப் போனால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். ‘சாரி, வாட் டூ யூ மீன்?’ என்று அவர் கேட்ட பிறகுதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும்.